ஓபி குறிப்பைக் குரலில் எழுத: ஜிபோர்டா, விஸ்பரா, டிராகனா?

பாலக்கோட்டிலோ ஓசூரிலோ தனியாக கிளினிக் நடத்தும் டாக்டருக்கு, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளான டிராகன் மெடிக்கல் ஒன் தேவையில்லை. மருத்துவப் பேச்சுக்கென்றே செய்தது, ஆங்கிலத்தை நன்றாகவே எழுதும். ஆனால் தமிழ் கிடையாது, சந்தா கட்ட வேண்டும், நெட் போனால் வேலையும் நிற்கும். நாள் முழுக்க டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் சொல்லும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி.

போனில் இருக்கும் கூகுள் கீபோர்டான ஜிபோர்டு இலவசம். மொழியை 'ஆங்கிலம் (இந்தியா)' என்று வைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். யோசிக்க நிறுத்தினால் மைக் அணைந்துவிடும். தமிழில் வைத்தால் மருந்துப் பெயரும் தமிழ் எழுத்தில் விழும், பிறகு தேடினால் சிக்காது.

பேச்சை எழுத்தாக்க ஓபன்ஏஐ 2022-ல் வெளியிட்ட விஸ்பரை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் வேண்டாம், நோயாளியின் பேச்சு உங்கள் கம்ப்யூட்டரை விட்டுப் போகாது. அதன் பெரிய அளவான லார்ஜ் மாடலுக்குச் சுமார் 10 ஜிபி கிராபிக்ஸ் மெமரி வேண்டும். ஸ்மாலுக்கு 2 ஜிபி போதும், ஆனால் தமிழில் தடுமாறும். ஓசூர் நோயாளி தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். விஸ்பரோ முதல் 30 விநாடியை வைத்து மொழியை முடிவுசெய்து, மொத்தத்தையும் அதே மொழியாக எழுதப் பார்க்கும். அதனால் உரையாடலைப் பதிவுசெய்யாமல், நோயாளி எழுந்து போனபின் ஒரே மொழியில் சுருக்கமாகச் சொல்வதே மேல்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் மௌனம். சொல்லும்போது நடுவே நிறுத்தி ஃபேன் சத்தம் மட்டும் பதிவானாலும், யாரும் சொல்லாத வாக்கியத்தை விஸ்பர் சிலசமயம் தானே எழுதிவிடும். பேச்சில்லாத இடத்தை வெட்டும் விஏடி வசதியைக் கட்டாயம் போடுங்கள். அடிக்கடி எழுதும் மருந்துப் பெயர்களை விஸ்பருக்கு ஆரம்பக் குறிப்பாக (initial prompt) முன்கூட்டியே கொடுத்தால் எழுத்துப்பிழை குறையும். வாய்க்கு அருகே இருக்கும் சாதாரண யூஎஸ்பி ஹெட்செட் வாங்குங்கள். லேப்டாப் மைக் வேண்டாம்.

எதை எடுத்தாலும் சில இடங்களில் சறுக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்பதற்கு 1-0-1 என்று சொன்னால் 101 என விழும். ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகும். 'நோ ஃபீவர்' என்பதில் 'நோ' விழுங்கப்பட்டால் அர்த்தமே தலைகீழ். 'ஃபீவர் ஆப்சென்ட்' என்று சொல்லிப் பழகுங்கள். தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் என்பது மில்லிகிராம் ஆனால் ஆயிரம் மடங்கு. ஆகவே நோய் வரலாறும் பரிசோதனைக் குறிப்பும் குரலில் போகட்டும், மருந்துச்சீட்டு மட்டும் கையால். பென்னாகரம் பக்கம் பாம்புக்கடி என்றால் கடிபட்ட நேரம், ஏஎஸ்வி எனும் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி என்பதும் கையால்தான். குறிப்பைச் சரிபார்த்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடுங்கள்.