கடைவாயில் ஒரு திருகு: நாலு வருஷம் மென்ற பிறகு

பல் இம்ப்ளாண்ட் (போன பல்லுக்குப் பதில் தாடை எலும்பில் டைட்டானியத் திருகை இறக்கி, அதன்மேல் பல் கட்டுவது) வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு நேரம்வே ஆச்சு?" விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை விடுங்கள். நேரத்தைச் சொல்கிறேன்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை செய்த பல் பிளந்துபோய், எடுத்துவிட்டு, புண் ஆறி எலும்பு ஊறும்வரை சில மாதம் விட்டிருந்தோம். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்து, நாள் குறித்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது ஒரு மணி நேரத்துக்குள். மரத்துப்போகிற ஊசி, தையல் எல்லாம் அதில் சேர்த்தி. எலும்பைத் துளைத்துத் திருகை இறக்கியது அதில் கொஞ்ச நேரம்தான். முதலில் மெல்லிய டிரில், பிறகு ஒவ்வொன்றாகப் பருமனானது. ஒரே மூச்சில் துளைக்க மாட்டார்கள். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெட்டுவிடும் என்பதால் சலைன் பீய்ச்சிக்கொண்டே விட்டுவிட்டுத் துளைக்கிறார்கள். வலி கிடையாது, அதிர்வு மட்டும் காதுக்குள் கேட்கும். கடைசியில் சின்னக் கை ஸ்பேனரால் முறுக்கி, "முப்பத்தஞ்சு" என்றார் டாக்டர். நர்ஸ் எழுதிக்கொண்டார். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதன் கணக்கு அது.

அப்புறம்தான் காத்திருப்பு. டைட்டானியத்தை எலும்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்று கண்டு, 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்துப் பார்த்தவர் ஸ்வீடன் நாட்டுப் பிரோனெமார்க். அது சேரக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம் வேண்டும். மேல்தாடை எலும்பு பஞ்சு போல இருப்பதால் நாலிலிருந்து ஆறு மாதம்வரை போகும். எனக்கு நாலாவது மாதம் அளவெடுத்துப் பல் கட்டினார்கள்.

அத்தான் கதை வேறு. அவருக்கு மேல் கடைவாய். பல்லை எடுத்துப் பல வருஷம் சும்மா விட்டதில் எலும்பு கரைந்து, மேலே கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையான சைனஸ் கீழே இறங்கியிருந்தது. அதைத் தூக்கி எலும்புப் பொடி நிரப்ப வேண்டும், அது கெட்டிப்பட அரை வருஷம். அதற்கும் முன்னால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) ஒன்பதைத் தாண்டியிருக்கிறது, குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் விடச் சொன்னார்கள், அதுதான் அவருக்கு ஆபரேஷனைவிடப் பெரிய வலி. ஒன்றரை வருஷம் இழுத்தது. "மாப்ளே, இதுக்குள்ள வீடு கெட்டிப் பால் காய்ச்சிருக்கலாம்" என்பார்.

"ஒரே நாளில் பல்" என்று பிளெக்ஸ் வைக்கிறார்களே என்று கேட்கலாம். முழுப் பொய் இல்லை. முன்பல், கெட்டியான எலும்பு, திருகும் நன்றாக இறுகியது என்றால் அன்றைக்கே ஒரு தற்காலிகப் பல் மாட்டிவிடலாம். ஆனால் நிரந்தரப் பல்லுக்கு மாதக்கணக்கு மாறாது. முறுக்கு கடிக்கிற கடைவாய்க்கு இதை நம்பிப் போக வேண்டாம் என்பேன்.

நாலு வருஷமாக எலும்புக்கறி, சீடை எல்லாம் அந்தப் பக்கம்தான். தொல்லை என்றால் தை மாதத்துப் பனங்கிழங்கு. அதன் நார் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் சாதாரண பிரஷ்ஷுக்கு வராது, இடைவெளிக்கென்று விற்கிற குச்சி பிரஷ் வேண்டும். சோற்றில் கல் கிடந்தாலும் அந்தப் பல்லுக்குச் சட்டென்று தெரிவதில்லை. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றியிருந்து அழுத்தத்தை உணர்த்தும் தசைநார் இதற்கு இல்லையே.

போன வருஷம் பல் லேசாக ஆடியது. திருகே போச்சு என்று பதறினேன். மேலே அடைத்திருந்த வெள்ளைச் சிமெண்டைச் சுரண்டி, பல்லைத் திருகோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்குருவை முறுக்கி, திரும்ப அடைத்து அனுப்பிவிட்டார்கள், கால் மணி நேரம்கூட இல்லை. ஒட்டுகிற வகைப் பல்லாக இருந்திருந்தால் கழற்றவே பாடாயிருக்கும், சில சமயம் உடைக்கவும் வேண்டியிருக்கும். அளவெடுக்கும் முன்னாலேயே ஸ்குரு வகை உங்களுக்குச் சரிவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.