டீ ஸ்டாண்டா, டாஸா?
வேலூர் கோட்டை மைதானத்தில், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட் ஆடிய கையோடுதான் வருகிறார்கள், அதனால் பேட்டை நேராகத் தூக்கி இறக்குவார்கள். இதைத் திருத்த, பந்தை மேலே நிறுத்தி வைத்து அடிக்கும் கம்பமான டீ ஸ்டாண்ட்தான் முதலில். பந்து அசையாமல் இருப்பதால், முன்பாதம் ஊன்றியதும் இடுப்பு திரும்பி, அப்புறம் தோள், கடைசியாகக் கை என்ற வரிசையை உடம்பு நிதானமாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாண்டை முன்பாதத்துக்கு நேராக வையுங்கள்; வயிற்றுக்கு நேரே வைத்தால் கை ஒடுங்கிப்போகும், இந்தத் தப்பை நிறைய பேர் செய்கிறார்கள்.

ஆனால் டைமிங் டீயில் வராது. அதற்கு வலைக்குப் பின்னாலிருந்து கீழ்க்கையால் மெதுவாக வீசும் டாஸ் வேண்டும். பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து வீசும் பிட்சர் 43 அடி தூரத்தில் நிற்பார், பெரியவர்கள் பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம். இரண்டிலும் யோசிக்க நேரமே இருக்காது. டாஸில் ஸ்விங், அதாவது பேட்டை வீசும் விதம், குலைந்தால், சரி, பத்துப் பந்து மறுபடி டீயில்.