ஊரடங்கைத் திறப்பது எப்படி? யாழ்ப்பாணம் கண்ட வழிகளை ஒப்பிட்டால்

நோய் வாசலுக்கு வந்துவிட்டால் பூட்டத்தான் வேண்டும் என்பதில் பெரும்பாலானோருக்கு மறுப்பு இருப்பதில்லை. வாதம் சூடு பிடிப்பது திறக்கிற நேரத்தில்தான். இன்னும் இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லுவார் வைத்தியர். தோட்டத்தில் கிண்டாமல் கிடக்கிற வெங்காயத்தைக் காட்டுவார் கமக்காரர். கடை வாடகைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார் வியாபாரி. மூவர் சொல்வதும் உண்மை. கோவிட் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இலங்கை ஊரடங்கைப் பல விதமாகத் திறந்து பார்த்தது. அவற்றுள் எது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்பதை இப்போதாவது ஆறுதலாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

முதலில் மணிக்கணக்கில் திறந்த முறையை எடுப்போம். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். பிறகு சில நாள் பூட்டி, ஒரு காலையில் சில மணி நேரம் விட்டு, பின்னேரம் மறுபடி பூட்டினார்கள். மக்கள் சாமான் வாங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். நடந்ததோ வேறு. ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடைகளுக்கு முன்னால் வரிசை, சங்கக்கடையில் வரிசை, வங்கி இயந்திரத்தடியிலும் வரிசை. அம்மாவின் பிரஷர் குளிசை, பிள்ளைக்குப் பால்மா, ஒரு கிழமைக்கு அரிசி, மா, சீனி எல்லாவற்றையும் ஒருவரே அந்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அடுத்து எப்போது திறப்பார்கள் என்று தெரியாததால் தேவைக்கு மேலும் வாங்கினார்கள். பின்னால் நிற்பவருக்குச் சாமான் கிடைக்கவில்லை. முடியப்போகும் நேரத்தில் இடைவெளி பார்க்கச் சொல்லி யாரைக் கேட்பது?

கணக்குப் போட்டாலே விளங்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் 600 பேர் வந்துபோகிற ஒரு கடைக்கு மணிக்கு 50 பேர். அதே 600 பேரை நான்கு மணி நேரத்துக்குள் விட்டால் மணிக்கு 150 பேர். ஆட்கள் குறையவில்லை, நெருக்கம்தான் மூன்று மடங்கானது. கடல் கடந்து சென்னையிலும் இதுவே நடந்தது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழுமுடக்கம் என்று அறிவித்ததும் அதற்கு முந்திய நாள் கோயம்பேடு சந்தையில் கூட்டம் முண்டியடித்தது. மே முதல் வாரத்தில் அந்தச் சந்தை பெரிய தொற்றுக் கொத்தணியாகிப் பூட்டப்பட்டது. இலங்கையிலும் 2021 மே 25 அன்று பயணத்தடையை ஒரு நாள் தளர்த்திவிட்டு, மே 31, ஜூன் 4 ஆகிய நாட்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்த தளர்வுகளை அரசே கைவிட்டது. பொருட்களை நடமாடும் வண்டிகளில் வீதிகளுக்கு அனுப்பச் சொன்னார்கள். முன்பே செய்திருக்க வேண்டியது அது. என் கணிப்பில் இருக்கிற வழிகளுள் மணிக்கணக்கில் திறப்பதே ஆகக் கெட்டது. திறப்பதானால் காலை முதல் இரவு வரை திறக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டு வாசலுக்குச் சாமான் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் நோய்க்குத்தான் வசதி.

அடையாள அட்டை இலக்க முறை கொஞ்சம் பரவாயில்லை. 2020 மே மாதம் ஊரடங்கு நீடித்த பகுதிகளுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். கடைசி இலக்கம் 1 அல்லது 2 என்றால் திங்கள், 3 அல்லது 4 என்றால் செவ்வாய் என்று வெள்ளி வரை. ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்கினர்தான் வெளியே வரலாம். கொழும்பு போன்ற நெருக்கமான நகரத்துக்கு இது உதவும். யாழ்ப்பாணத்தின் வீடுகள் வேறு மாதிரி. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, எழுபது வயதைத் தாண்டிய கிழவனும் கிழவியும் தனியே இருக்கிற வளவுகள் எத்தனை! அவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது பக்கத்து வீட்டுப் பெடியன். அவனுடைய இலக்கத்துக்குரிய நாளில் மருந்துக்கடையில் அந்தக் குளிசை இல்லையென்றால் அடுத்த கிழமை வரை காத்திருக்க வேண்டும். இலக்கம் பார்க்கச் சந்திக்குச் சந்தி ஆள் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. அட்டையைக் காட்டிப் பாதை கடக்கிற வேலையை இந்த ஊர் வேண்டிய மட்டும் செய்துவிட்டது.

இடம் பார்த்துத் திறக்கிற முறையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதில் நன்மையும் தீமையும் இரண்டுமே யாழ்ப்பாணத்தில் நேரில் தெரிந்தன.

2020 மார்ச் நடுப்பகுதியில் அரியாலையில் ஒரு தேவாலயத்தில் நடந்த ஆராதனை, சுவிஸில் இருந்து வந்து அதை நடத்திய போதகருக்குப் பின்னர் தொற்று உறுதியானது, மார்ச் 22 அன்று மாவட்டத்தின் முதல் தொற்றாளர் தாவடியில் அடையாளம் காணப்பட்டது, எல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. தாவடியை வளைத்துப் பூட்டினார்கள். தேவாலயத் தொடர்பில் இருந்தவர்களைப் பலாலியில் தனிமைப்படுத்தினார்கள். அவர்களில் சிலருக்கு ஏப்ரல் நடுப்பகுதியில்தான் தொற்று உறுதியானது. அதாவது ஆராதனை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, உடம்பில் ஒரு குறியும் இல்லாமல். பதினான்கு நாள் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாளை எண்ணி மட்டும் திறக்கக் கூடாது, பரிசோதித்துத் திறக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்தில் பி.சி.ஆர். பரிசோதனை செய்யக்கூடியதாக இருந்தது பெரிய துணை. மாதிரியைத் தெற்குக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய ஊர் இடம் பார்த்துத் திறக்கவே முடியாது.

அதே ஆண்டு டிசெம்பரில் மருதனார்மடம். எழுமாற்றாகச் செய்த பரிசோதனையில் சந்தையில் தொற்று வெளிப்பட்டது. உடுவில் பிரதேச செயலர் பிரிவை முடக்கினார்கள். மற்றப் பிரிவுகளில் கடை, வேலை, போக்குவரத்து பெரும்பாலும் நடந்தன. முழு மாவட்டத்தையும் மார்ச்சில் வைத்திருந்ததுபோல இந்த முறை வைக்கத் தேவைப்படவில்லை. மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகளும் 435 கிராம சேவகர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒன்றைப் பூட்டினால் மற்றது மூச்சு விடலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இது இன்னும் எளிது. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பரிசோதனை மேசை போட்டால் போதும், உள்ளே வாழ்க்கை வழமைபோல நடக்கலாம்.

தீமையும் சிறிதல்ல. ஊரின் பெயரே நோயின் பெயராகிவிடும். தாவடி என்று முகவரி சொன்னாலே ஆட்கள் விலகி நின்ற காலம் அது. அந்த வடு ஊரடங்கோடு போகவில்லை. எல்லைக் கோடு ஒழுங்கைக்கு நடுவால் போகும்போது ஒரு பக்கத்து வீடு பூட்டு, எதிர்வீடு திறப்பு. எல்லாவற்றையும்விட, சந்தை ஓர் ஊருக்குள் அடங்குவதில்லை. வலிகாமத்துத் தோட்டங்களின் மரக்கறி மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கும் வந்து அங்கிருந்து தென்பகுதி வரை போகிறது. சந்தையில் தொற்று தெரியவரும் நாளில் அது ஏற்கெனவே பல ஊருக்குப் போயிருக்கும். 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே பேலியகொட மீன்சந்தையில் இருந்து தொற்று தீவெங்கும் போனது இப்படித்தான். 2021 மார்ச் இறுதியில் திருநெல்வேலிச் சந்தையிலும் அதே கதை. ஆகவே ஊரைப் பூட்டித் திறப்பதற்கு முன்னால் சந்தையைப் பிரிக்க வேண்டும். கூரைக்குக் கீழே ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோரை அடைப்பதைவிட, மைதானத்திலும் பாடசாலை முற்றத்திலும் வீதியோரத்திலும் பரத்தி வைக்கலாம். சில சபைகள் இதைச் செய்தும் காட்டின. ஆனால் நோய் வந்த பிறகு செய்தார்கள்.

அளவுகோல் வைத்துப் படிப்படியாகத் திறப்பது இன்னொரு வழி. நியூசிலாந்து நான்கு எச்சரிக்கை மட்டங்களை முதலிலேயே அறிவித்து, எந்த மட்டத்தில் எது திறக்கும் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டது. இங்கிலாந்து 2021 பெப்ரவரியில் நான்கு படிகளை அறிவித்து, ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது ஐந்து கிழமை வைத்தது. கடைசிப் படியை ஜூன் 21இல் இருந்து ஜூலை 19க்குத் தள்ளியபோது ஏன் என்று காட்டப் புள்ளிவிவரம் கையில் இருந்தது. இடைவெளி ஏன் அவ்வளவு? இன்று தொற்றியவருக்குக் குறி தெரிய ஐந்தாறு நாள், சிலருக்குப் பதினான்கு நாள்வரை. ஆஸ்பத்திரிக் கட்டில் நிரம்ப இன்னும் ஒரு கிழமை, மரணக் கணக்கு தெரிய அதற்கும் மேல். இரண்டு கிழமைக்குள் அடுத்த கதவைத் திறப்பவருக்கு முதற் கதவால் என்ன வந்தது என்று தெரிய வழியில்லை.

நமக்கு இந்த முறை கிடைக்கவே இல்லை. 2021 மே 21 போட்ட பயணத்தடை முதலில் சில நாள் என்றார்கள். பிறகு ஜூன் 7, பிறகு ஜூன் 14, பிறகு ஜூன் 21. எத்தனை தொற்று குறைந்தால் திறப்போம் என்று ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் மக்கள் தாங்களே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திகதியை மட்டும் சொல்லித் தள்ளிக்கொண்டே போனால் அடுத்த திகதியை யார் நம்புவார்? தோட்டக்காரர் அறுவடைக்கு ஆள் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் தவித்தார்.

எப்போது திறப்பது என்ற கேள்விக்கு நம் அனுபவமே பதில் தருகிறது. இந்த நாட்டில் தாக்குப்பிடித்த திறப்புகள் இரண்டு. ஒன்று 2020 ஜூன் 28, சமூகத்துக்குள் தொற்று ஏறக்குறைய ஓய்ந்திருந்தபோது. ஒக்டோபர் வரை தாங்கியது. மற்றது 2021 ஒக்டோபர் 1, மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசியும் போட்டிருந்தபோது. கைகொடுக்காத திறப்புகளும் இரண்டு. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டுப்பாட்டைத் தளரவிட்டதும் மூன்றாவது அலை எழுந்தது. ஜூனில் திறந்த பிறகு வேகமாகப் பரவும் டெல்டா திரிபு வந்தது. வைத்திய சங்கங்கள் பூட்டச் சொல்லிக் கேட்டும் ஓகஸ்ட் 20 வரை இழுத்தார்கள். பல நகரங்களில் வர்த்தகர்கள் தாங்களாகவே கடைகளைப் பூட்டினார்கள். மாத முடிவில் ஒரு நாளைக்கு 200க்கு மேற்பட்ட மரணங்கள். பொருளாதாரத்துக்காகத் திறந்துவைத்தோம் என்றவர்கள், நோய்க்குப் பயந்து பூட்டிக் கிடந்த அந்தக் கடைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

பூட்டியிருப்பதன் விலையைச் சொல்லாமல் திறப்பதைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சீவல் தொழிலாளி ஒருவரின் நாளை எடுத்துப் பாருங்கள். பனையின் பாளையை நாள்தோறும் சீவ வேண்டும். விட்டால் காய்ந்துபோகும், அந்தப் பருவத்து வருமானம் அதோடு முடிந்தது. தவறணை பூட்டிக் கிடந்தாலும் அவர் மரம் ஏறியே ஆக வேண்டும். இறக்கிய கள்ளை வாங்க ஆளில்லை, ஊற்றத்தான் வேண்டும். உயிரைப் பணயம் வைத்து ஏறி, இறக்கி, ஊற்றுகிற வேலை. குருநகரில் கடலுக்குப் போக அனுமதி இருந்தாலும் பிடித்த நண்டை வாங்கும் கம்பனி எடுக்காவிட்டால் வலை நனைத்த எண்ணெய்க் காசும் வராது. அரசு 2020 ஏப்ரலிலும் மேயிலும் கொடுத்த 5,000 ரூபாவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பல வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். 2021 ஓகஸ்டில் அது 2,000 ரூபாவாக இறங்கியது. நாட்கூலிக்காரருக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? கையில் காசில்லாதவரை வீட்டில் இருக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் சரிவராது. ஒரு பிரிவைப் பூட்டும் அறிவித்தலிலேயே கொடுப்பனவு வரும் நாளும் இருக்க வேண்டும்.

யார் தீர்மானிப்பது என்பதையும் பார்க்க வேண்டும். கோவிட் செயலணிக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். ஊரடங்கு என்றாலே துவக்கும் காவலரணும் நினைவுக்கு வருகிற மண்ணில் அது என்ன உணர்வைத் தரும் என்று கொழும்பில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2006 ஓகஸ்டில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டப்பட்டு, கப்பலில் வந்த சாமானைச் சங்கக்கடையில் அட்டைக்குப் பங்கிட்டு வாங்கியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமை கற்பிக்கத் தேவையில்லை, காரணம் சொல்ல வேண்டும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் சுகாதாரத் தரப்புக்குப் போதிய அதிகாரம் தந்திருக்கிறது. ஊரை வீடு வீடாக அறிந்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எந்தக் கிராம சேவகர் பிரிவு எப்போது திறக்கும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியும் மாவட்டச் செயலகமும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அந்தக் காரணத்தைத் தமிழில், அன்றைக்கே, எண்ணோடு சொல்லட்டும்.

ஆகவே நான் நிற்பது இடமும் அளவுகோலும் சேர்ந்த வழியில். இதில் ஒரு விடயத்துக்கு மட்டும் தனி இடம் கேட்பேன், பாடசாலை. 2020 மார்ச் நடுப்பகுதியில் பூட்டிய பாடசாலைகள் இடையில் திறந்து, மறுபடி பூட்டி, 2021 ஒக்டோபர் 21 அன்றுதான் 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பள்ளிகளில் இருந்து படிப்படியாகத் திறந்தன. அளவு பார்த்துத் திறந்தது நல்ல முடிவுதான், ஆனால் இவ்வளவு பிந்தியிருக்க வேண்டியதில்லை. மருதங்கேணிப் பக்கத்துச் சிறிய பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான், மர நிழலில் கூட இருத்திப் படிப்பிக்கலாம். அந்தப் பிள்ளைகள் பலரிடம் தொலைபேசி இல்லை, இருந்தாலும் சிக்னல் இல்லை. ஊரில் தொற்று இல்லாத மாதங்களிலும் கொழும்பின் நிலைமைக்காக அவர்களின் பள்ளி பூட்டிக் கிடந்தது. சந்தைக்கும் கடைக்கும் கோவிலுக்கும் வரிசை போடும்போது, தொற்று இல்லாத பிரிவின் சிறு பள்ளியை அந்த வரிசையில் முதலாவதாக வைக்க வேண்டும்.