சுகர் மிஷின் வாங்கி மூன்று மாதம்: பருத்திப்பால் மாட்டிக்கொண்டது

மார்ச் மாதம் எனக்குச் சுகர் என்று உறுதியானது. வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c என்ற ரத்தப் பரிசோதனையில் 8.1 சதவீதம். வெறும் வயிற்றில் 126, சராசரியில் 6.5 வந்தாலே சுகர் கணக்குதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எழுதிவிட்டு "சோத்தைக் குறைங்க" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா கம்பங்கூழ் குடிக்கச் சொல்கிறார், எதிர்வீட்டு அண்ணன் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்கிறார், மச்சான் ராத்திரிக்கு இட்லி மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் குளுக்கோமீட்டர் வாங்கிவிட்டேன்.

மிஷினும், ரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கும் 25 ஸ்டிரிப்பும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிஷினில் செலவு இல்லை, ஸ்டிரிப்தான் காசைத் தின்கிறது, ஒன்று 20 ரூபாய் விழுகிறது. அதனால் தினமும் குத்தாமல், சந்தேகப்பட்ட சாப்பாட்டுக்கு மட்டும் செலவழித்தேன். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பேன், 180க்குள் இருந்தால் நிம்மதி.

ஐந்து இட்லி, மூன்று சட்னி: 219. அதே இட்லி இரண்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு முட்டை: 158. இட்லியை விட வேண்டியதில்லை, எண்ணிக்கையைத்தான் விட வேண்டும். கம்பங்கூழ் அம்மாவுக்குச் சங்கடம் கொடுத்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு பெரிய சொம்பு குடித்ததற்கு 207. கம்பு நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்து, கரைத்து, மடமடவென்று குடித்தால் சீக்கிரம் ஏறத்தான் செய்யும். "மிஷினு பொய் சொல்லுதுப்பா" என்றார் அம்மா. சாயங்காலம் தள்ளுவண்டியில் குடிக்கும் பருத்திப்பால், மருந்து மாதிரி நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தது, 236. அதில் போடும் கருப்பட்டியும் அரிசி மாவும் வேறு என்ன செய்யும்!

புரோட்டா ஒரு திருடன். இரண்டு புரோட்டா, சால்னா, இரண்டு மணி நேரத்தில் 176தான். அப்பாடா என்று இருந்தேன். ஏதோ உறுத்தி, நாலு மணி நேரத்தில் இன்னொரு ஸ்டிரிப்பைச் செலவழித்தால் 232. எண்ணெய் அதிகமாக இருந்தால் செரிப்பது தாமதமாகி, சர்க்கரையும் தாமதமாக ஏறுமாம்.

மிஷினில் குறையும் உண்டு. ஒருநாள் பையனுக்கு நத்தம் மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே விரலைக் குத்தினேன், 291! பதறி, சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துப் பார்த்தால் 143. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியவும் கூடாது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. லேபில் காட்டிய அளவுக்கும் இதற்கும் பத்துப் பதினைந்து வித்தியாசம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்றுதான் தர அளவே வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள், எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டிரிப் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். இரண்டாவது டப்பா எனக்கு வேறொரு கடையில் ஆறு வாரத்தில் காலாவதியாகும் சரக்காகக் கிடைத்தது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். அப்புறம் மதுரை வெயிலில் டப்பாவை வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். நான் வைத்தேன், பத்து ஸ்டிரிப் வீண்.

மிஷினுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இப்போது டப்பாவில் மிச்சம் ஏழு ஸ்டிரிப், அதில் இரண்டைக் குதிரைவாலிச் சோற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஜிகர்தண்டாவுக்கு ஒதுக்கவில்லை, அதன் எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை.