ஒரே மூட்டையா, தனித்தனி மருந்தா? பிரிட்டனில் வாடிக்கையாளர் புல்தரைக்கு எதை வாங்குவது

மார்ச் கடைசியில் பிரிட்டன் கார்டன் சென்டர்களின் வாசலில் அடுக்கி நிற்பது உரம், களைக்கொல்லி, பாசிக்கொல்லி மூன்றும் கலந்த குருணை மூட்டை. சொந்த வீட்டுத் தோட்டத்துக்கு வருடம் ஒருமுறை போடுபவருக்கு அது போதும். வாரம் பத்துப் பதினைந்து வீடுகளில் தோட்ட வேலை செய்பவருக்கு அது பாதிப் பொருத்தம்தான். மூன்று வேலைகளுக்கும் காலம் ஒத்துவராது என்பதே காரணம். பாசி கொழுத்து நிற்பது குளிர்காலக் கடைசியில். களை மருந்தை உறிஞ்சுவது மண் சூடேறி இலை விரியும் ஏப்ரல் கடைசி முதல். உரம் வேண்டியது புல் வளரத் தொடங்கும்போது. மார்ச்சில் போட்டால் பாசி சாகும், களை தப்பும். மே மாதத்தில் போட்டால் களை சாகும், பாசி அதற்குள் பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

இந்த வகையில் அதிகம் விற்பவற்றில் ஒன்று எவர்கிரீன் கம்ப்ளீட். எம்சிபிஏ, மெக்கோப்ரோப்-பி என்ற இரண்டு களைக்கொல்லிகளும் பாசியைக் கொல்லும் இரும்பு சல்பேட்டும் நைட்ரஜன் உரமும் சேர்ந்தது. அளவு சதுர மீட்டருக்கு 35 கிராம், அதாவது 100 சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ. டெய்சி, டான்டிலயன், வாழையிலை போல் தரையோடு படியும் பிளான்டெய்ன், இவற்றில் நன்றாக வேலை செய்கிறது. குளோவருக்கு இரண்டாம் முறை தேவைப்படலாம். நூல்போல் ஓடும் நீலப்பூ ஸ்பீட்வெல்லை அசைப்பதே கடினம். யார்க்‌ஷயர் ஃபாக், போவா ஆனுவா போன்ற புல்வகைக் களைகளை இது தொடவே தொடாது; அவையும் புல்தானே. வாடிக்கையாளரிடம் இதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கும்.

குருணையின் பெரிய பலவீனம், களைக்கொல்லி இலையில் ஒட்டினால்தான் வேலை செய்யும் என்பது. காலைப் பனி இலையில் இருக்கையில் தூவி, அதன்பின் சில மணி நேரம் காய்ந்த வானிலை கிடைக்க வேண்டும். இரண்டு நாளில் மழை வராவிட்டால் தண்ணீர் விட வேண்டும். தூவியதும் மழை கொட்டினால் களைக்கொல்லி மண்ணுக்குள் கழுவிப்போகும். மழையே வராமல் வெயில் அடித்தால் உரமும் இரும்பும் புல்லைக் கருக்கும். தூவுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டி முடித்து, தூவியபின் மூன்று நான்கு நாள் புல்வெட்டும் மெஷினைத் தொடாதீர்கள். புதிதாக விதைத்த புல்லுக்கு ஆறு மாதம் ஆகும்வரை இது வேண்டாம்.

கருகல் புகார்களுக்கு மூட்டையைவிட, குருணை தூவும் தள்ளுவண்டியான ஸ்ப்ரெட்டரே அதிகக் காரணம். பெட்டிக்கு நேர்கீழே மட்டும் குருணை விழும் வகையில், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் விரலளவு இடைவெளி விட்டால் மஞ்சள் கோடு, ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கறுப்புக் கோடு. தரையை அளந்து, மொத்த மருந்தையும் எடை போட்டு, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். திரும்பும்போது ஸ்ப்ரெட்டரின் வாயை மூடுங்கள், புல்மேல் நிறுத்திக்கொண்டு ஒருபோதும் நிரப்பாதீர்கள். போன வருட மூட்டையில் ஈரம் ஏறிக் கட்டிகட்டியாக இருந்தால், கட்டி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு கறுப்புப் பொட்டு உறுதி.

நம்மவர் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்தோட்டத்தில் தக்காளி, பயற்றங்காய், மிளகாய் இருக்கும். வெட்டிய புல் நேராக உரக்குழிக்கோ செடியடிக்கோ போகும். இந்தக் களைக்கொல்லிகள் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லவே செய்யப்பட்டவை. மருந்திட்டபின் முதல் வெட்டை மட்கவைக்கக் கூடாது, அடுத்த சில வெட்டுகளை நீண்ட காலம் மட்கவைத்த பிறகே பயன்படுத்தலாம் என்று லேபிள்கள் சொல்கின்றன. க்ளோபைராலிட் என்ற களைக்கொல்லி கலந்த தொழில்முறை மருந்தானால் இன்னும் கவனம் தேவை: அது உரத்தில் தங்கி, அடுத்த பயிரில் தக்காளியின் இளந்தளிரைச் சுருட்டிவிடும்.

தனித்தனியாகப் போவதென்றால் முதலில் இரும்பு சல்பேட். நீலப்பச்சைப் படிகமாக வரும் ஹெப்டாஹைட்ரேட்டில் இரும்பு 20 சதவீதம், உலர்த்திய மோனோஹைட்ரேட்டில் 30 சதவீதம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டுவிட்டு, மூட்டைமேல் பழி சொல்பவர்கள் உண்டு. புல்லுக்கு நிறம் கொடுக்க, படிக வகையில் சதுர மீட்டருக்கு ஐந்து கிராம் போதும்: 500 கிராமை 10 லிட்டரில் கரைத்தால் 100 சதுர மீட்டர் வரும். முதலில் வாளியில் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் முதுகு ஸ்ப்ரேயரில் ஊற்ற வேண்டும். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர்; கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஆரஞ்சுச் சேறு படிந்து நாசில் அடைபடும். மழைநீர் உத்தமம், இல்லையென்றால் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து உடனே அடித்துவிடுங்கள்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைப்பது உரம் என்று விற்கப்படும் இரும்பு சல்பேட். அதை நிறத்துக்கு அடிக்கலாம். பாசி கொல்ல என்று சொல்லி அடித்தால் அது அனுமதி பெறாத பூச்சிமருந்துப் பயன்பாடு. பாசிக்கு வாங்குவதில் எம்ஏபிபி எண் (அரசு அனுமதி எண்) இருக்க வேண்டும், அளவும் அந்த லேபிளில் உள்ளபடிதான். லேபிளில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு என்றிருந்தால், முதுகு ஸ்ப்ரேயரில் அடிக்க பிஏ1 (அடிப்படைப் பயிற்சி), பிஏ6 (கையில் பிடித்து அடிக்கும் கருவி) சான்றிதழ்கள் வேண்டும். வயதைக் காட்டிப் பெற்றிருந்த பழைய விலக்கு 2015 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு அடித்தோம் என்ற பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இரும்பின் தீராத குறை கறை. பேட்டியோ (வீட்டையொட்டிக் கல் பாவிய தளம்), கான்கிரீட், வெள்ளை வேலி எதில் பட்டாலும் துரு நிறம் ஏறும். கல்மேல் விழுந்த குருணையை உலர்ந்தபடியே பெருக்கி எடுக்க வேண்டும்; தண்ணீர் அடித்துக் கழுவினால் கறையை நாமே பரப்பியதாகும். ஏறிவிட்ட கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துருநீக்கி உதவும், சுண்ணாம்புக்கல்லில் மட்டும் அமிலம் வேண்டாம். மருந்து அடித்த ஈரப் புல்லில் நடந்த பூட்ஸோடு வாடிக்கையாளர் வீட்டுக்குள் போகக் கூடாது என்பதும் இதில் சேர்த்தி.

பாசி சில நாளில் கறுக்கும். பத்துப் பதினான்கு நாள் பொறுத்து, நன்றாகச் செத்தபின் ஸ்காரிஃபையர் என்ற வாரும் கருவியால் வாரியெடுக்க வேண்டும். உயிரோடு வாரினால் துண்டுகள் சிதறி, போன இடமெல்லாம் முளைக்கும். வாரியபின் தரை மொட்டையாகத் தெரியும். படம் எடுத்துக் காட்டி முன்கூட்டியே எச்சரித்தால் புகார் சொல்லி வரும் தொலைபேசி அழைப்பு குறையும். இரும்பை மட்டும் போட்டிருந்தால் சீக்கிரமே விதைக்கலாம். மூன்றும் கலந்த குருணை போட்டிருந்தால் லேபிளில் உள்ள ஆறு வாரமளவு இடைவெளி விட வேண்டியிருக்கும். வசந்தத்தில் அந்த ஆறு வாரம் பெரிய நஷ்டம்.

களைக்குத் திரவ மருந்து மே மாதம் முதல். காற்றில்லாத நாளில், களையுள்ள இடத்துக்கு மட்டும் அடித்தால் ஒரு தோட்டத்துக்கு ஆகும் மருந்து குருணையில் போவதில் சிறு பங்குதான். உரம் ஏப்ரலில் நைட்ரஜன் மிகுந்தது. செப்டம்பரில் நைட்ரஜன் குறைந்து பொட்டாஷ் கூடியது. மீந்த வசந்தகால மூட்டையை அக்டோபரில் தள்ளிவிடும் ஆசை வேண்டாம். கொழுத்த இளம்புல் ஈரக் குளிரில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நோய்க்கு விருந்து.

நாய், பேட்டியோ இரண்டும் உள்ள வீட்டுக்கு மோ பாக்டர் என்ற அங்கக உரம். பெல்ஜியத்தின் வியானோ தயாரிப்பு. நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் 5-5-20 விகிதம், இரும்பு இல்லை, கறை இல்லை. பாசி கறுத்து நிற்காமல் மெல்ல மட்கிப்போவதால் வாரும் வேலை குறைகிறது. ஆனால் அளவு சதுர மீட்டருக்கு 100 கிராம் வரை, அதாவது 100 சதுர மீட்டருக்குப் 10 கிலோ, விலையும் அதற்கேற்ப. மண் சூடில்லாத பிப்ரவரியில் போட்டுவிட்டுப் பத்தாம் நாள் பலன் பார்க்க முடியாது. களைக்கு இது ஒன்றும் செய்யாது. நாய்க்கு இரும்பு ஆபத்து என்று இதை எடுத்தாலும், அங்கக உர வாசனை நாயை இழுக்கும்; தண்ணீர் விட்டுக் காயும்வரை கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லுங்கள்.

வடக்குப் பக்கச் சுவரின் நிழல், மிதித்து இறுகிய களிமண், ஒட்டச் சிரைத்தாற்போல் வெட்டும் பழக்கம் இவை உள்ள தரையில் எந்த மூட்டையும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காது. அங்கே மெஷினை நான்கு சென்டிமீட்டருக்கு உயர்த்தி, ஃபோர்க்கால் பத்து சென்டிமீட்டர் ஆழம் குத்தித் துளையிடும் வேலையை மருந்தோடு சேர்த்து விலை சொல்லுங்கள். மருந்து மட்டும் போதும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், பாசி திரும்பி வரும் என்பதை விலைச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.