கோல்ஃப் பந்தய வில்லைகள்: ஒரு பருவம் ஆடிப் பார்த்த பின்

நியூ ஜெர்சியில் ஞாயிறுதோறும் காலையில் கோல்ஃப் ஆடும் எங்கள் நால்வரில் இருவரின் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்; குறைய குறையச் சிறந்த ஆட்டக்காரர்) 10-க்குள் இருக்கிறது. மற்ற இருவருக்கு 25-ஐத் தாண்டும். இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள குழுவுக்குப் பொருந்தும் நட்புப் பந்தயம் எது என்று தேடியபோதுதான், எட்டு பிளாஸ்டிக் வில்லைகள் அடங்கிய இந்தச் சிறு பெட்டியை 15 டாலருக்கு வாங்கினேன்.

அதுவரை நாங்கள் ஆடியது நாசோ. லாங் ஐலண்டில் உள்ள நாசோ கன்ட்ரி கிளப்பின் பெயரால் வழங்கும் அந்தப் பந்தயத்தில் முதல் ஒன்பது குழிகள், அடுத்த ஒன்பது, மொத்தம் பதினெட்டு என மூன்று தனிப் போட்டிகள் உண்டு என்பதால், முதல் பாதியைக் கோட்டைவிட்டவரும் மீண்டெழ வழி இருக்கிறது. ஆனால் பின்தங்கியவர் 'பிரெஸ்' என்று புதிய பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டால் கணக்கு சிக்கலாகிவிடும். குழியைத் தனித்து வென்றவர் தொகையைப் பெறும் ஸ்கின்ஸும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. 1983-இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான பால்மர், நிக்லஸ், பிளேயர், வாட்சன் நால்வரும் ஆடிய தொலைக்காட்சி ஸ்கின்ஸ் போட்டியிலேயே மொத்தம் 3,60,000 டாலரில் 1,70,000 கேரி பிளேயர் ஒருவருக்கே சென்றது. எங்கள் குழுவில் வென்றவர்கள் எப்போதும் ஹேண்டிகேப் குறைந்த அந்த இருவர்தான்.

இந்த வில்லைகளில் அந்தக் குறை இல்லை. குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையான கிரீனில் பந்தைக் குழியில் இட மூன்று முறை தட்டியவருக்கு, அதாவது மூன்று பட் செய்தவருக்குப் பாம்பு, மணல் பங்கரில் பந்தை விழவிட்டவருக்கு ஒட்டகம், தண்ணீரில் அடித்தவருக்கு மீன், பேர்டி (குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்தவருக்குப் பறவை என ஒவ்வொன்றும் கைமாறிக்கொண்டே போகும். பதினெட்டாம் குழி முடியும்போது பாம்பு யார் பையில் இருக்கிறதோ, அவர் மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும். சென்ற மாதம் பதினேழாம் கிரீனில், எங்களுள் மிகச் சிறந்த ஆட்டக்காரர் நான்கு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் இடத் தவறி மூன்றாவதாகத் தட்டியபோது, முதல் குழியிலிருந்தே பாம்பைச் சுமந்துவந்த நண்பர் அதைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்த நிறைவை எந்த நாசோவும் எங்களுக்குத் தந்ததில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே குழியில் இருவர் மூன்று பட் செய்தால் பாம்பு யாருக்கு, கிரீனுக்கு வெளியே விளிம்பிலிருந்து தட்டியது பட் ஆகுமா என்பவற்றுக்கு விதித்தாளில் விடையே இல்லை. கடைசியாகப் பந்தைக் குழியில் இட்டவருக்கே பாம்பு என்றும், விளிம்பிலிருந்து அடித்தது கணக்கில் வராது என்றும் நாங்களே வகுத்துக்கொண்டோம். பனி ஈரமும் மணலும் பட்டு மூன்றே மாதங்களில் வண்ணம் உரிந்து, மீனும் பாம்பும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. தயாரிப்பாளருக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை.

பந்தயம் கட்டினால் அமெச்சூர் (தொழில்முறை சாராத ஆட்டக்காரர்) தகுதிக்குப் பங்கம் வருமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தின் மீதே, தங்கள் பணத்தைக் கொண்டு, பொழுதுபோக்காகக் கட்டும் சிறு பந்தயத்தை அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஏற்கிறது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். நால்வரும் ஏறத்தாழ ஒரே தரத்தில் ஆடுபவர்கள் என்றால் நாசோவே போதும். எங்களைப் போன்ற கலப்புக் குழுவினர் தயங்காமல் வாங்கலாம், ஆனால் முதல் நாளே ஒவ்வொரு வில்லையின் பின்புறத்திலும் அழியாத மையால் அதன் பெயரை எழுதிவிடுங்கள்.