பல் கிளினிக்கில் குறட்டைக்கு கிளிப் தருகிறோம் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சியில் ஒரு பல் கிளினிக்கில் என் வீட்டுக்காரருக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்து அது நடந்துகொண்டிருக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. 'சிரிப்பும் அழகாகும், குறட்டையும் நிற்கும்' என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள், அதை எப்படி விற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அவர் போனது முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்ததற்கு. ஒரு ஃபில்லிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. வாயைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர், "சார், நைட்ல குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை நான் குறையே சொல்லமாட்டேன். தேய்ந்துபோன பற்கள், நாக்கின் ஓரத்தில் பல் தடம், வாயைத் திறந்தால் தொண்டை தெரியாமல் நாக்கு மறைத்துக்கொண்டிருப்பது, இதெல்லாம் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கான அறிகுறிகளாக இருக்கலாம், அதை மற்ற டாக்டர்களுக்கு முன்னால் பல் டாக்டர் கண்டுபிடிக்க நிறைய வாய்ப்பு உண்டு. என் வீட்டுக்காரருக்கோ கழுத்தும் தடிமன், பிரஷருக்கு மாத்திரையும் ஓடுகிறது. "நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஒரு ஸ்லீப் ஸ்டடி எடுத்துட்டு வாங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்த டாக்டருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

அங்கே நடந்தது வேறு. நிற்க வைத்துத் தாடைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், மானிட்டரில் பேனாவை வைத்து "காற்றுப் பாதை குறுகலா இருக்கு பாருங்க" என்றார்கள். முழித்துக்கொண்டு நிற்கிற ஆளின் எக்ஸ்ரேயில் தூங்கும்போது தொண்டை மூடுகிறதா என்று எப்படித் தெரியும்? அவருக்கு அப்போது அது கேட்கத் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றாது, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் வந்து, முன்பல் ஆறுக்கும் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு), கூடவே தூங்கும்போது வாயில் மாட்டிக்கொள்கிற குறட்டைக் கருவி, அதாவது அந்தக் கிளிப், எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய், "இன்னிக்கே எடுத்தா டிவைஸ் பாதி விலை சார்" என்று அவர் போனிலேயே இஎம்ஐ போட்டுக் கொடுத்துவிட்டார். வெனீருக்காக முன்பற்களின் எனாமலை இழைத்து எடுத்தாயிற்று. அது திரும்ப வளராது.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மேல் தட்டும் கீழ் தட்டும் ஒன்றாக ஒட்டியது, வார்ப்பு அச்சின் கோடு ஓரமெல்லாம் ஓடுகிறது, கடைவாய்ப் பக்கம் ஈறில் குத்துகிறது. அவர் பல்லுக்கு அளவே எடுக்கவில்லை, சுடுதண்ணீரில் போட்டு இளக்கி வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அச்சு அசல் அதே சாமான் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. பில்லில் போட்டிருப்பது 'கஸ்டம் டிவைஸ்'.

கொடுமை என்னவென்றால் சத்தம் குறைந்தது. இந்தக் கருவி கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும், தாடையோடு நாக்கும் முன்னால் வரும், தொண்டையில் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதனால் குறட்டை குறையத்தான் செய்யும். ஆனால் குறட்டை வேறு, மூச்சு நிற்பது வேறு. பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குத் தெரிந்தது: மெல்லிய குறட்டை, அப்புறம் ஒன்றுமே இல்லை, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கிறது, காற்று போகவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு. கிளினிக்குக்கு போன் செய்தால் "பழகிடும் மேம்" என்றார்கள். பகலில் அவருக்குத் தூக்கம் குறையவே இல்லை, சமயபுரம் டோல்கேட் கிட்ட சிக்னலில் வண்டியை நிறுத்தியவர் அப்படியே கண் அசந்துவிட்டார், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எழுந்தார்.

பிரஷர் மாத்திரையைக் கூட்டியும் அடங்காததால் எங்கள் டாக்டர்தான் ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பினார். ராத்திரி தலையில் வயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், மூக்குக்குக் கீழே ஒரு குழாய், இப்படி மாட்டித் தூங்க வைப்பார்கள். குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ அது ஒரு தடவை. மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் பரவாயில்லை, 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இவருக்கு 41. ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. அந்தக் கருவியைப் போட்டுக்கொண்டும் ஒரு ராத்திரி எடுத்துப் பார்த்தார்கள், 36 வந்தது. அதாவது எனக்குக் கேட்கிற சத்தத்தைக் குறைத்துவிட்டு வியாதியை அப்படியே விட்டிருக்கிறது. இப்போது சிபாப் மெஷின், முகமூடி வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்தது, நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. முதல் வாரம் மாஸ்க்கோடு சண்டை போட்டார், இப்போது அது இல்லாமல் படுப்பதில்லை.

இதற்குள் இன்னொரு வினை. காலையில் எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. தோசையைக் கூட முன்பல்லால்தான் மெல்ல வேண்டியிருந்தது. தாடை முன்னால் வந்ததால் கீழ் முன்பல் நேராகப் போய் வெனீரில் இடித்து, இரண்டு வெனீர் ஓரம் தெறித்துவிட்டது. கிளினிக்கில் கேட்டால், "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க சார், அது வாரண்டில வராது" என்கிறார்கள்! பல்லைக் கடிக்கிறார் என்று முதல் நாளே தேய்மானத்தைப் பார்த்தவர்கள் எதற்கு அந்தப் பல்லில் வெனீர் ஒட்டினார்கள்?

பிறகு வேறொரு பல் டாக்டரிடம் போனோம். பல் டாக்டர்கள் எல்லாரும் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு எல்லாம் விளங்கியது இவரிடம்தான். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும் சிபாப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வாய்க் கருவி நல்ல வைத்தியம்தானாம். ஆனால் மேல் கீழ் இரண்டு பல்வரிசைக்கும் அளவெடுத்து லேபில் செய்ய வேண்டும், தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்த அதில் திருகு இருக்க வேண்டும், மாட்டிக்கொண்டு மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்க்க வேண்டும், பல் நகர்கிறதா, தாடை மூட்டு வலிக்கிறதா என்று வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும். வியாதியைக் கண்டுபிடித்து எழுதிக்கொடுப்பது தூக்க மருத்துவர், கருவி செய்வது பல் டாக்டர், இதுதான் முறை. அமெரிக்காவில் தூக்க மருத்துவர்கள் சங்கமும் தூக்கப் பிரச்சினைக்குக் கருவி செய்கிற பல் டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து 2015லேயே இப்படி வழிகாட்டுதல் போட்டிருக்கிறார்கள். சிரிப்பு அழகாக வேண்டுமென்றால் அதெல்லாம் கடைசியில்தான், மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதமே மாறக்கூடிய வாயில் முதலில் வெனீர் ஒட்டுவது சுவர் எழுப்புமுன் டைல்ஸ் ஒட்டுகிற கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கேஸ் ஷீட்டைக் காட்டினார்கள். அதில் எல்லாம் நீல மையில் இருக்க, ஓரத்தில் இடுக்கி 'ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொன்னோம், நோயாளி மறுத்தார்' என்று கறுப்பு மையில் ஒரு வரி! அவர் கையெழுத்து அதன் கீழே இல்லை. நான் உடனே போட்டோ எடுத்துக்கொண்டேன், அந்தப் பெண் "மேம், இங்க போட்டோ அலவ்டு இல்ல" என்று ஓடி வருவதற்குள்.

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் போயிருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடிக்கலாம். இஎம்ஐ கம்பெனிக்காரர்களோ கிளினிக் தகராறு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மாசாமாசம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். இந்த மாதிரி பேக்கேஜ் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பில், கேஸ் ஷீட் நகல், எக்ஸ்ரே மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள், கோபத்தில் கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 'கஸ்டம்' இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.